சாமி கண்ணைக் குத்துமா?

"கடவுள் பயம் உள்ள புள்ள மிஸ். அது நல்லதுதானே?"

பேத்தியைக் கூட்டிக்கொண்டு, இலங்கை மலையகத்தில் ஹட்டனில் உள்ள என் அறைக்கு வந்த அம்மாச்சி கேட்ட முதல் கேள்வி இது. நான் உளவளத்துணையாளர். (ஆளை அடையாளம் தெரியக் கூடாதென்று சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) பிள்ளைக்கு அந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை. இரவில் பரமண்டல ஜெபம் சொல்லத் தொடங்குவாள். ஒரு சொல் தடுமாறினால், நடுவில் வேறு நினைவு வந்தால், மறுபடியும் முதலிலிருந்து. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், எல்லாரும் தூங்கிய பிறகும் அந்த முணுமுணுப்பு ஓயாது. ஏன் என்று கேட்டேன். "சரியா சொல்லலைன்னா அம்மாவுக்கு ஏதாச்சும் ஆயிரும்." அம்மா வெளிநாட்டில் வீட்டு வேலை பார்க்கிறார்.

அம்மாச்சிக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. அவர் சொன்னது பைபிளில் உள்ள வார்த்தையாயிற்றே. "கர்த்தருக்குப் பயப்படுதலே ஞானத்தின் ஆரம்பம்" என்கிறது நீதிமொழிகள். "அன்பிலே பயமில்லை" என்று யோவானின் நிருபமும் சொல்கிறது. இரண்டும் எப்படிச் சேரும்?

யாத்திராகமம் 20:20இல் இரண்டும் ஒரே வசனத்துக்குள் இருக்கின்றன. சீனாய் மலை புகைகிறது, இடி முழங்குகிறது, ஜனங்கள் நடுங்கித் தூரத்தில் நிற்கிறார்கள். மோசே "பயப்படாதிருங்கள்" என்கிறான். அடுத்த மூச்சில், நீங்கள் பாவம் செய்யாதபடி தேவனைப் பற்றிய பயம் உங்கள் முன்னால் இருக்கவே அவர் வந்தார் என்கிறான். எபிரேயத்தில் இரண்டு இடத்திலும் ஒரே வேர்ச்சொல்தான். முதல் பயம் ஆளை ஓட வைக்கும். மற்றது நின்று யோசிக்க வைக்கும். 13ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தோமா அக்குவினாஸ் இவற்றை அடிமையின் பயம், பிள்ளையின் பயம் என்று பிரித்தார். தண்டனைக்கு அஞ்சுவது அடிமையின் பயம். தகப்பன் மனம் நோகுமே, அவரை விட்டுப் பிரிந்துவிடுவோமே என்று அஞ்சுவது பிள்ளையின் பயம். தமிழில் பயபக்தி என்கிறோம். அதில் பக்தி உதிர்ந்து பயம் மட்டும் மிஞ்சிய பிறகுதான் பலர் என்னிடம் வருகிறார்கள்.

மலையகத்தில் இந்தப் பயத்துக்கு ஒரு முகம் உண்டு. சின்ன வயதில், தேயிலைத் தோட்டத்தை நடத்தும் துரை வரும் பாதையில், மழை கொட்டினாலும், குடையை மடக்கிக்கொண்டு ஓரமாக நிற்க வேண்டும் என்று அம்மாச்சி சொன்னார். பறித்த கொழுந்து குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான். எதிர்த்துப் பேசினால் அதுவும் இல்லை. இப்படி வளர்ந்தவருக்குக் கடவுளும் செக்ரோல் என்ற சம்பளப் பதிவுப் புத்தகத்தோடு மேலே நிற்கும் பெரிய துரையாகத்தானே தெரிவார்? பிள்ளை சேட்டை செய்தால் "சாமி கண்ணைக் குத்தும்" என்கிறோம். கிறிஸ்தவ வீடுகளிலும்தான்.

ஆனால் "உன் தேவனுக்குப் பயந்திரு" என்று லேவியராகமம் யாரிடம் சொல்கிறது என்று பாருங்கள். செவிடனைத் திட்டாதே, குருடன் வழியில் தடுக்கல் வைக்காதே என்ற இடத்தில் அது வருகிறது. வறுமையால் தன்னை விற்றுக்கொண்டவனை வேலை வாங்குகிற எஜமானுக்கும், "நீ அவனைக் கொடூரமாய் ஆளாமல், உன் தேவனுக்குப் பயந்திரு" என்று வருகிறது (25:43). எகிப்தில் ஆண்பிள்ளைகளைக் கொல்லச் சொன்னான் ராஜா. சிப்பிராள், பூவாள் என்ற மருத்துவச்சிகள் தேவனுக்குப் பயந்ததால் அவன் கட்டளையைச் செய்யவில்லை. கையில் பலம் உள்ளவன் அந்தக் கையை அடக்கிக்கொள்ளச் சொன்ன வார்த்தை இது. தோட்டத்துப் பிரசங்கங்களில் நான் இதை அதிகம் கேட்டதில்லை.

சரி, அந்தப் பிள்ளைக்கு இருந்தது இரண்டு பயமும் இல்லை. மனநல வைத்தியர் பார்த்து ஓசிடி (OCD) என்ற மனநோய் என்றார். வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வரும். அதைத் தணிக்க ஒரு காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். அது பக்தி வேஷம் போட்டு வருவதும் புதிதல்ல. இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையை நிறுவிய இக்னேசியஸ் லொயோலா 1522இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் இருந்த காலத்தில், அறிக்கையிட்ட பாவங்களையே மறுபடி மறுபடி அறிக்கையிட்டும் நிம்மதி இல்லாமல் தவித்தார்.

ஜெபித்து முடித்ததும் மனம் இலேசாகிறதா, இன்னும் இறுகுகிறதா? நான் பார்க்கும் முதல் அடையாளம் அது. தூக்கமும் படிப்பும் கெடுகின்றனவா? "தேவன் என்னை மன்னித்தாரா?" என்று அதே கேள்வியை தினமும் யாரிடமாவது கேட்கிறாரா? பரிசுத்த ஆவிக்கு விரோதமாகத் தூஷணம் நினைத்துவிட்டேன், அதற்கு மன்னிப்பே இல்லை என்று நடுங்குகிறாரா? அப்படியானால் வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். வழி தெரியாவிட்டால் 1926ஐ அழையுங்கள். அது இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கம். பாஸ்டர் ஜெபிக்கட்டும், மாத்திரையை மட்டும் நிறுத்தச் சொல்ல வேண்டாம்.

இன்னொன்று. வசனம் காட்டி ஆறுதல் சொல்லவும் நான் அவசரப்படுவதில்லை. "உமக்குப் பயப்படும்படிக்கு உம்மிடத்தில் மன்னிப்பு உண்டு" என்ற 130ஆம் சங்கீதம் எனக்கு மிகவும் பிடிக்கும். அதில் மன்னிப்பு முதலில் வருகிறது, பயம் அதற்குப் பிறகுதான். ஆனால் அன்றைக்கு அதை அவளிடம் கொடுத்திருந்தால், மறுநாளிலிருந்து அதையும் எழுபது தடவை சொல்லத் தொடங்கியிருப்பாள்.

வைத்தியரோடு பேசி அவளுக்குக் கொடுத்த வீட்டுவேலை வேறு. இரவில் ஜெபம் ஒரே தடவை. சொல் தவறினால் தவறியபடியே ஆமென், விளக்கை அணைத்துவிட வேண்டும். அம்மாச்சி "சரியாத்தான் சொன்ன" என்று சமாதானம் சொல்லவும் கூடாது. முதல் இரவு விடியும் வரை அழுதாளாம். ஆறாவது வாரம் அம்மாச்சி வந்து குறைபட்டுக்கொண்டார், காலையில் எழுப்பினால் எழும்புகிறாள் இல்லை என்று.