வஹாலா, சபி, ஜாப்பா: நைஜீரியப் பேச்சுச் சொற்களும் அவற்றுக்கு ஏற்ற தமிழும்

நைஜீரியப் படங்களும் பாட்டுகளும் கொஞ்சம் பழகியவர்கள் 'வஹாலா' என்ற சொல்லைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. பொருள் தேடினால் எல்லோரும் 'பிரச்சினை' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். அது தப்பில்லை, ஆனால் போதாது. வீட்டுக்காரர் திடீரென்று வாடகையை ஏற்றினால் வஹாலா, வண்டி பாதி வழியில் நின்றால் வஹாலா, ஓயாமல் நச்சரிக்கிற ஆளும் வஹாலாதான். 'யுவர் வஹாலா டூ மச்' என்று ஒருவர் அலுத்துக்கொண்டால் அதை 'உன் பிரச்சினை மிக அதிகம்' என்று எழுதுவதில் உயிரே இல்லை, 'உன் ரோதனை தாங்க முடியல' என்பதுதான் சரி. 'நோ வஹாலா' என்றால் 'பரவாயில்லை'. நன்றி சொன்னாலும் அதுதான் பதில், மன்னிப்புக் கேட்டாலும் அதுதான்.

சொல் ஆங்கிலம் இல்லை. வடக்கு நைஜீரியாவின் ஹௌசா மொழியிலிருந்து வந்தது, ஹௌசாவுக்கு அரபியிலிருந்து போனது. அரபியில் 'வஹ்லா' என்றால் திகில், அச்சம். சஹாரா வழியே வணிகமும் இஸ்லாமும் போனபோது ஏராளமான அரபுச் சொற்கள் ஹௌசாவுக்குள் நுழைந்தன, அவற்றில் இதுவும் ஒன்று. தமிழில் இதற்குப் பொருத்தமான சொற்களில் எனக்கு முதலில் தோன்றுவது 'தகராறு'. மனிதர்களும் தகராறு பண்ணுவார்கள், மோட்டாரும் தகராறு பண்ணும், வஹாலாவைப் போலவே. அந்தத் தகராறும் அரபியின் 'தக்ரார்' என்ற சொல்லிலிருந்து உருது வழியாக நம்மிடம் வந்ததுதான். தூய தமிழ் வேண்டும் என்பவர்களுக்கு 'தொல்லை' இருக்கிறது, பெரும்பாலான இடங்களில் அது நன்றாகவே பொருந்தும்.

இந்தச் சொற்களையெல்லாம் 'நைஜீரிய ஸ்லாங்' என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுவது எனக்கு உடன்பாடில்லை. வஹாலா கொச்சைச் சொல் அல்ல, ஆங்கிலத்தை அடியாகக் கொண்டு வளர்ந்த நைஜீரிய பிட்ஜின் என்ற மொழியின் அன்றாடச் சொல். நூற்றுக்கணக்கான மொழிகள் இருக்கிற நாட்டில், யோருபா பேசுகிறவரும் இக்போ பேசுகிறவரும் ஹௌசா பேசுகிறவரும் சந்தையில் சந்தித்தால் பேசிக்கொள்ள உதவுவது பிட்ஜின்தான், கோடிக்கணக்கான பேர் பேசுகிறார்கள். 2017 ஆகஸ்டில் பிபிசி இந்த மொழிக்கென்றே தனிச் செய்திச் சேவை தொடங்கியது. இதை 'உடைந்த ஆங்கிலம்' என்று ஒதுக்குகிறவர்கள் அதன் இலக்கணத்தைக் கவனிப்பதே இல்லை. உதாரணத்துக்கு 'ஸ்மால் ஸ்மால்' என்றால் கொஞ்சம் கொஞ்சமாக, 'நௌ நௌ' என்றால் இப்பவே, இந்த நிமிஷமே. ஆங்கிலத்துக்கு இந்த அடுக்கு ஒட்டாது. மேற்கு ஆப்பிரிக்க மொழிகளில் இது இயல்பு, தமிழிலும் இயல்பு, அதனால்தான் பிட்ஜினை ஆங்கிலத்தில் பெயர்க்கும்போது தவறிப்போகிற தொனி தமிழில் சுலபமாகக் கிடைத்துவிடுகிறது.

'சபி' என்றால் தெரியும். 'யூ சபி குக்?' என்றால் 'உனக்குச் சமைக்கத் தெரியுமா?' இது போர்ச்சுகீசிய 'சபேர்' என்ற வினைச்சொல். குழந்தையைக் குறிக்கிற 'பிக்கின்' என்ற சொல்லும் அந்த மொழிதான், 'பெக்கெனினோ' என்றால் சின்னஞ்சிறியது. 15ஆம் நூற்றாண்டிலேயே போர்ச்சுகீசியர்கள் அந்தக் கடற்கரைக்கு வந்துவிட்டார்கள், நைஜீரியாவின் பெருநகரமான லாகோஸின் பெயரே அவர்கள் மொழியில் ஏரிகள், காயல்கள் என்று பொருள்படும். அதே ஆட்கள் 1498இல் கோழிக்கோட்டில் இறங்கியதன் விளைவாகத்தான் நம் வீட்டுக்குள் சாவியும் ஜன்னலும் அலமாரியும் வந்தன. நமக்கு வீட்டுச் சாமான்களின் பெயர்களைத் தந்தவர்கள், அங்கே 'தெரியும்' என்ற வினையையே விட்டுப் போயிருக்கிறார்கள்.

இனி 'ஜாப்பா'. இதைத்தான் உண்மையிலேயே ஸ்லாங் என்று சொல்லலாம், இப்போது நைஜீரிய இளைஞர்கள் வாயில் அதிகம் புழங்குகிற சொற்களில் ஒன்று. யோருபாவில் 'ஜா பா' என்றால் ஓடிப்போ, தப்பித்துப் போ. தெருவில் சண்டை வந்தால் சட்டென்று இடத்தைக் காலி செய்வதைக் குறித்த இந்தச் சொல், நாட்டை விட்டே கிளம்பி பிரிட்டனுக்கோ கனடாவுக்கோ குடியேறுவது என்ற பொருளுக்கு இப்போது விரிந்துவிட்டது. 2025 தொடக்கத்தில் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியிலும் ஏறிவிட்டது. வேலையில்லாதவர்கள் மட்டும் பேசுகிற சொல் இல்லை இது. கடந்த ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் சுமார் 16,000 மருத்துவர்கள் நாட்டை விட்டுப் போய்விட்டதாக நைஜீரிய சுகாதார அமைச்சரே 2025இல் சொன்னார். இதற்கு முந்தைய தலைமுறைக்கு வேறொரு சொல் இருந்தது, 'செக் அவுட்'. 1980களில் அரசு ஒளிபரப்பிய ஒரு தொலைக்காட்சி விளம்பரத்தில் ஆண்ட்ரூ என்ற இளைஞன் தண்ணீர் இல்லை, மின்சாரம் இல்லை என்று வெறுத்து, 'நான் செக் அவுட் பண்றேன்' என்று பெட்டியோடு கிளம்புவான், போகாதே என்று தடுப்பார்கள். போகிறவர்களைத் தடுக்க எடுத்த விளம்பரம், கடைசியில் வெளிநாடு போகிறவர்களுக்கெல்லாம் 'ஆண்ட்ரூ' என்று பெயர் வாங்கிக்கொடுத்துவிட்டது.

ஜாப்பாவுக்குத் தமிழ் என்ன? 'புலம்பெயர்தல்' என்று போட்டால் பொருள் சரி, ஆனால் ஈழத் தமிழர் அனுபவத்தால் அந்தச் சொல்லில் போரின் கனம் ஏறியிருக்கிறது, அதைக் கேலியும் கனவும் கலந்த ஒரு தெருச்சொல்லுக்குச் சூட்டக் கூடாது என்று நினைக்கிறேன். யோருபாவின் மூலப்பொருளுக்கு 'கம்பி நீட்டு' அச்சாகப் பொருந்தும். ஆனால் கம்பி நீட்டுகிறவன் கடனோ குற்றமோ விட்டுவிட்டு ஓடுகிறவன், ஜாப்பா போகிறவரை வீடே கூடி வழியனுப்புகிறது. 'பிழைக்கப் போவது' என்று நம் கிராமங்களில் சொல்வார்களே, அந்த அர்த்தமும் இதில் பாதி இருக்கிறது. அதனால் பேச்சில் வரும்போது 'தப்பிச்சுப் போயிடு', எழுத்தில் 'பிழைக்க வெளிநாடு போதல்', என் தேர்வு இதுதான்.

மோட்டார் சைக்கிள் டாக்சிக்கு அங்கே 'ஒக்காடா' என்று பெயர். எடோ மாநிலத்தில் உள்ள ஓர் ஊர் அது. அந்த ஊர்க்காரரான கேப்ரியல் இக்பினெடியான் 1983இல் ஒக்காடா ஏர் என்ற விமான நிறுவனம் தொடங்கினார். 1990களில் நிறுவனம் மூடப்பட்டது, ஆனால் நெரிசலில் புகுந்து பறக்கிற பைக்குகளில் பெயர் ஒட்டிக்கொண்டது. 2022இல் லாகோஸின் பல பகுதிகளில் அவற்றுக்குத் தடை வந்த பிறகும் பெயர் போகவில்லை. தமிழில் 'பைக் டாக்சி' போதும்.

'419' என்பதற்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை. நைஜீரியக் குற்றவியல் சட்டத் தொகுப்பில் 419ஆம் பிரிவு பொய் சொல்லிப் பொருள் பறிப்பதைப் பற்றியது, அதனால் ஏமாற்றுக்காரனுக்கு அந்த எண்ணே பெயர். இந்திய தண்டனைச் சட்டத்தின் 420ஆம் பிரிவால் நம்மூரில் 'அவன் ஒரு ஃபோர் ட்வென்ட்டி' என்கிறோம், ஒரே ஒரு எண்தான் வித்தியாசம். 2024 ஜூலையில் புதிய சட்டம் வந்து இங்கே அந்தப் பிரிவு 318 ஆகிவிட்டது, பேச்சில் யாரும் மாற்றிக்கொண்டதாகத் தெரியவில்லை.

அப்புறம் 'நெக்ஸ்ட் டுமாரோ'. ஆங்கிலத்தில் அந்த நாளுக்கு ஒற்றைச் சொல் புழக்கத்தில் இல்லாததால் அவர்களே செய்துகொண்டார்கள். நமக்கு 'நாளை மறுநாள்' இருக்கிறது, பேச்சில் 'நாளன்னைக்கு'. மின்வெட்டு முடிந்து விளக்கு எரிந்ததும் தெருவே 'அப் நேப்பா!' என்று கத்தும். நேப்பா என்பது 1972இல் உருவான தேசிய மின்சார ஆணையத்தின் சுருக்கப் பெயர். அந்த ஆணையம் கலைந்து இருபது வருஷம் ஆகிறது, கூச்சல் மட்டும் அப்படியே இருக்கிறது. தமிழில் 'கரண்ட் வந்துடுச்சு!'

'ஜாரா' என்பது சந்தைச் சொல். தக்காளியோ அரிசியோ அளந்து போட்ட பிறகு மேலே ஒரு கை அள்ளிப் போடுவது. இதற்கு 'இலவச இணைப்பு' என்று மொழிபெயர்த்தால் அது கம்பெனி விளம்பரம் ஆகிவிடும். நம்மிடம் 'கொசுறு' இருக்கிறது. கெஞ்சுகிற 'அபெக்' என்ற சொல்லையும் சேர்த்து லாகோஸ் சந்தையில் ஒரு பெண் 'மேடம், அபெக், ஆட் ஜாரா' என்று கேட்டால், அது 'அக்கா, கொஞ்சம் கொசுறு போடுங்கக்கா' தான்.