கரகரக்கும் ஸ்லைடரில் எண்ணெய் அடிக்காதீர்கள்

ஆடி பிறந்தால், ரங்கூனில் இருக்கும் என் ரிப்பேர் கடைக்குக் கோயில் மைக் செட்டின் மிக்ஸர் ஒன்று வந்துவிடும். இந்த வருடம் வந்தது எண்பதுகளில் செய்த 12 சேனல் மிக்ஸர், சத்தத்தைக் கூட்டிக் குறைக்க மேலும் கீழும் நகர்த்தும் ஸ்லைடர்கள் வரிசையாக இருக்கும் வகை. தூக்கி வந்த தம்பி அதை மேஜையில் இறக்கியதுமே மூக்குக்குத் தெரிந்துவிட்டது.

"ஸ்லைடர் எல்லாம் கரகரன்னு இருந்துச்சு அண்ணே. டபிள்யூடி-40 நல்லா அடிச்சோம். ரெண்டு நாள் ஜம்முனு பாடுச்சு. இப்ப முன்னைவிட மோசம்."

இந்த மழைக்காலத்தில் இது நாலாவது. மற்ற மூன்றும் வீட்டில் வைத்திருக்கும் பழைய ஜப்பான் ஈக்வலைசர்கள், கனத்த ஒலியையும் கீச்சு ஒலியையும் ஸ்லைடரால் கூட்டிக் குறைக்கும் பெட்டிகள். நாலிலும் அதே வாசனை, அதே இரண்டு நாள் கதை. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய்த்தான் எழுத உட்கார்ந்தேன்.

அந்த டபிள்யூடி-40 ஸ்ப்ரே டப்பாவின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. என் கடையிலும் ஒன்று இருக்கிறது. துருப்பிடித்து இறுகிய திருகாணிக்கு அது கைகண்ட மருந்து. 1953-ல் அமெரிக்காவில், உலோகத்தின் மேல் ஈரம் தங்காமல் விரட்டத்தான் அதை உருவாக்கினார்கள். பெயரில் உள்ள இரண்டு எழுத்துக்கும் நீரை விலக்குவது என்றுதான் பொருள், 40 என்பது நாற்பதாவது கலவை. அட்லஸ் ஏவுகணையின் மேற்தகட்டுக்குப் பூசினார்கள். ஏவுகணைக்கு ஆகிறது என்பதால் ஸ்லைடரின் வயிற்றுக்குள்ளும் ஆகும் என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை.

கதவுக் கீல் கிரீச்சிட்டால் எண்ணெய் விடுகிறோம். இரும்போடு இரும்பு உரசும் சத்தம் அது, எண்ணெய் விட்டால் அடங்கும். ஸ்லைடரையும் கீல் மாதிரி நினைத்துக்கொள்வதுதான் எல்லாத் தொல்லைக்கும் காரணம். மிக்ஸரை அணைத்துவிட்டு, காதைப் பக்கத்தில் வைத்து ஸ்லைடரை நகர்த்திப் பாருங்கள். ஒன்றும் கேட்காது. ஸ்பீக்கரில்தான் கேட்கும். ஏனென்றால் அது உரசல் சத்தமே கிடையாது, மின்தொடர்பு விட்டு விட்டு வருகிற சத்தம்.

உள்ளே ஒரு பலகைப் பட்டையில் கரி பூசியிருக்கும். அதன் மேல் மெல்லிய உலோக விரல்கள் ஊர்ந்து போகும். விரலுக்கும் கரிக்கும் நடுவே தூசு வந்தாலும், கற்பூரப் புகை வந்தாலும், எண்ணெயே வந்தாலும் கரகரக்கும். நகர்த்தும்போது கைக்குக் கிடைக்கிற வழவழப்பு வேறு சங்கதி. அது ஓரத்துத் தண்டவாளத்தில் கம்பெனி பூசி அனுப்பிய கெட்டி கிரீஸால் வருவது. கரிக்குச் சுத்தம் வேண்டும், தண்டவாளத்துக்கு கிரீஸ் வேண்டும். துரு டப்பாவை அடித்தால் அது அந்த கிரீஸைக் கரைத்து, தூசோடு குழைத்து, நேரே கரியின் மேல் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஈரம் இருக்கிற இரண்டு நாளும் எல்லாம் நன்றாக இருக்கும். கரைப்பான் ஆவியானதும் எண்ணெய் மட்டும் தங்கும், ரங்கூன் தூசு அதில் வந்து ஒட்டும். அப்புறம் உள்ளே இருப்பது சேறுதான். அதைக் கேட்டுவிட்டு, 'போதுமான அளவு அடிக்கவில்லையோ' என்று மறுபடி அடிக்கிறார்களே, அங்கேதான் எனக்குத் தலை சுற்றுகிறது.

போன வருடம் ஒரு பெரியவர் தேங்காயெண்ணெய் விட்டிருந்தார். மார்கழிக் குளிரில் அது உறைந்து, காலையில் ஸ்லைடர் அசைய மறுத்தது. வெயில் ஏறினால் தானாகச் சரியாகிவிடுகிறது, ஏன் தம்பி என்று என்னைக் கேட்டார்.

சரி, சுத்தம் செய்வதற்கு வருவோம். முதலில் கோளாறு ஸ்லைடரில்தானா என்று பாருங்கள். நகர்த்தும்போது மட்டும் கரகரத்தால் அதை முதலில் சந்தேகப்படலாம். சும்மா வைத்திருந்தாலும் இரைந்தால் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது. இன்னொரு வகையும் உண்டு, எங்கள் தொழிலில் இருப்பவர்களையே ஏமாற்றும் வகை. ஸ்லைடருக்கு முன்னால் இருக்கும் கெபாசிட்டர் என்ற உறுப்பு பழுதாகி டி.சி. எனும் நேர்மின்சாரம் கசிந்தால், புத்தம்புது ஸ்லைடரும் கரகரக்கும். எத்தனை தடவை சுத்தம் செய்தாலும் போகாது. இதை மீட்டர் வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும், அதனால் அந்த வேலையை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டர்கள் கொஞ்ச நேரம் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும், அங்கே கை வைக்காதீர்கள். கண்ணாடிக் குழாய் போட்ட பழைய வால்வு செட் என்றால் திறக்கவே வேண்டாம். குமிழ்களை எடுத்துவிட்டு, மேல் தகட்டைக் கழற்றி, தூசை முதலில் மென்மையான பிரஷ்ஷாலும் கை ஊதியாலும் வெளியேற்றுங்கள். மேலிருந்து பிளவுக்குள் அப்படியே ஸ்ப்ரே அடித்தால் வாயில் கிடந்த குப்பை வயிற்றுக்குப் போகும், தகட்டில் உள்ள எழுத்தும் அழியலாம். மருந்துக்கு ஃபேடருக்கென்றே, அதாவது இந்த ஸ்லைடருக்கென்றே விற்கிற கிளீனர் வேண்டும், டிஆக்ஸிட் ஃபேடர் போல. இரண்டு முனையிலும் ஒரு சொட்டு அளவு விட்டு, கடைசிவரை இருபது முப்பது தடவை நகர்த்துங்கள். பிறகு செட்டைக் கவிழ்த்து வைத்து, அழுக்கு வடிந்து காயவிடுங்கள். வாசனை முழுக்கப் போகும்வரை பிளக்கைச் செருக வேண்டாம். பெரும்பாலான ஸ்ப்ரேக்கள் தீப்பிடிக்கும்.

காய்ந்ததும் எதையும் விடாமல் போகிற சாதாரண கான்டாக்ட் கிளீனர் சுவிட்சுக்கும் ஜாக்குக்கும் நல்லது. ஸ்லைடரில் அடித்தால் தண்டவாளத்து கிரீஸையும் சேர்த்துக் கழுவிவிடும். கரகரப்பு போகும், ஆனால் ஸ்லைடர் லொடலொடவென்று ஆடும். அப்படி ஆகிவிட்டால் பிளாஸ்டிக்கைத் தின்னாத கிரீஸைப் பல்குச்சி நுனியில் எடுத்துத் தண்டவாளத்தில் மட்டும் தடவ வேண்டும். கரியில் படக்கூடாது. தின்னர், பெட்ரோல், நகப்பூச்சு அழிப்பான், உப்புத்தாள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். தயவுசெய்து வேண்டாம்.

ஸ்லைடரையே பிரித்துப் பார்க்கிற ஆசை சிலருக்கு வரும். கூட்டைப் பிடித்திருக்கும் தகரக் காதுகளை ஒரு தடவை வளைக்கலாம், இரண்டாம் தடவை தாங்கினால் அதிர்ஷ்டம், மூன்றாம் தடவை ஒடியும்.

இடையில் ஒன்று. ஜப்பானிலிருந்து வருகிற பழைய சரக்கு பெரும்பாலும் 100 வோல்ட். ஸ்லைடர் சரியாகிவிட்டது என்ற சந்தோஷத்தில் 230-ல் நேரே செருகி டிரான்ஸ்பார்மரைக் கொளுத்திக்கொண்டு வந்தவர்களும் உண்டு. பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள்.

கோயில்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். மிக்ஸரைக் கற்பூரத் தட்டுக்கும் எண்ணெய் விளக்குக்கும் தள்ளி வையுங்கள். திருநீற்றுக் கையோடு ஸ்லைடரைத் தொடாதீர்கள். மூடுவதற்குப் பருத்தித் துணி போதும், இந்த மழையில் பிளாஸ்டிக் போட்டு இறுக்கினால் உள்ளே வியர்த்துவிடும். திருவிழாவுக்கு மட்டும் எடுக்காமல், வாரம் ஒருமுறை எல்லா ஸ்லைடரையும் மேலும் கீழும் நகர்த்தி வையுங்கள், பாதிச் சிக்கல் வராது.

அந்தத் தம்பியின் மிக்ஸரில் மாஸ்டரையும் சேர்த்து 14 ஸ்லைடர். ஒவ்வொன்றாகக் கழுவி கிரீஸ் வைத்ததில் 11 தேறின. மூன்றில் கரி தேய்ந்து பலகை தெரிந்தது, அதற்கு எந்த டப்பாவிலும் மருந்து இல்லை. செத்துப்போன வேறொரு மிக்ஸரில் அதே நீளத்தில் அகப்பட்டதால் மாற்றிவிட்டேன். மாற்றும்போது நீளம் மட்டும் ஒத்துப்போனால் போதாது, மேலே உள்ள எழுத்தையும் பார்க்க வேண்டும். ஜப்பான் சரக்கில் ஏ என்றால் லாக், நகர்த்தும்போது மின்தடை சீராக மாறாத வகை; பி என்றால் லீனியர், சீராக மாறும் வகை; பழைய ஐரோப்பியச் சரக்கில் இது தலைகீழாகவும் இருக்கும்.

மிக்ஸரை எடுத்துப் போக வந்தபோது அந்த டப்பாவைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். கோயில் கேட் கிரீச்சிட்டால் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.