‘மெமரி கம்மி’ என்று ரிப்போர்ட் வந்தால்

புதுச்சேரி லாஸ்பேட்டையில், பிள்ளைகளுக்கு நினைவாற்றல் டெஸ்ட் எடுக்கும் என்னைப் பார்க்க வரும் பெற்றோரில் பலர் கையில் ஒரு ரிப்போர்ட்டோடுதான் வருகிறார்கள். ‘ஒர்க்கிங் மெமரி சராசரிக்கும் கீழே’ என்று அதில் ஒரு வரி இருக்கும். அதற்குள் டியூஷனை மாற்றியிருப்பார்கள், வல்லாரை மாத்திரை வாங்கியிருப்பார்கள், பிள்ளையின் காதுபடவே ‘இவனுக்கு ஞாபக சக்தி கம்மியாம்’ என்று சொந்தக்காரர்களிடம் சொல்லியிருப்பார்கள். அந்த மதிப்பெண் எப்படி வந்தது என்று மட்டும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

போன வருஷம் படித்தது இன்னும் நினைவில் இருக்கிறதா என்பது வேறு விஷயம். ரிப்போர்ட்டில் இருக்கும் ஒர்க்கிங் மெமரி, அதாவது செயல் நினைவு என்பது சில நொடிகளுக்கு ஒன்றை மனதில் பிடித்துக்கொண்டே அதை வைத்து வேலை பார்ப்பது. கூபேர் மார்க்கெட்டில் மீன் விற்கும் அம்மாவைக் கவனியுங்கள். முக்கால் கிலோ சங்கராவுக்கும் அரைக் கிலோ இறாலுக்கும் விலையைக் கூட்டி, பேரத்தில் இருபது ரூபாய் கழித்து, ஐந்நூறு ரூபாய்க்கு மீதி எவ்வளவு என்று சொல்லிவிடுவார். நடுவில் பக்கத்தில் நிற்பவருக்கும் விலை சொல்லியிருப்பார்! அது முழுக்கச் செயல் நினைவின் வேலை.

இந்த நினைவுக்கு ஓர் எல்லை உண்டு. ஒரே நேரத்தில் ஏழு விஷயங்கள், அதில் ஒன்றிரண்டு கூடலாம் குறையலாம் என்று 1956-இல் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் எழுதினார். ஒன்றோடொன்று சேர்த்துக்கொள்ள வழியில்லாத துண்டுகளாக இருந்தால் நான்கு அளவில்தான் தாங்கும் என்று 2001-இல் நெல்சன் கோவன் வாதிட்டார். பத்து இலக்க செல்போன் எண்ணை நாம் ஐந்து ஐந்தாகப் பிரித்துச் சொல்வது இதனால்தான்.

பிள்ளைகளிடம் இதை அளக்க அதிகம் பயன்படுவது எண்களைச் சொல்லவைக்கும் டெஸ்ட். நொடிக்கு ஒன்றாக, ஏற்ற இறக்கம் இல்லாத குரலில் ‘ஏழு, இரண்டு, ஒன்பது’ என்று சொல்வேன்; பிள்ளை திருப்பிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நீளத்துக்கும் இரண்டு வாய்ப்பு. இரண்டிலும் தவறினால் அங்கே நிறுத்திவிடுவோம். அப்புறம் தலைகீழாக: நான் ‘மூன்று, எட்டு, ஐந்து’ என்றால் பிள்ளை ‘ஐந்து, எட்டு, மூன்று’ என்று சொல்ல வேண்டும். நேர் வரிசை பெரும்பாலும் கேட்டதைத் தக்கவைக்கும் வேலைதான். தலைகீழாகச் சொல்லும்போதுதான் பிடித்துவைத்ததை மாற்றி அடுக்க வேண்டியிருக்கிறது. இரண்டையும் கூட்டி ஒரே மதிப்பெண்ணாகப் போட்டால் இந்த வித்தியாசம் தெரியாமல் போய்விடும்.

எண்களை எந்த மொழியில் சொன்னோம் என்பதும் முக்கியம். ஏறக்குறைய இரண்டு நொடிகளில் எவ்வளவைச் சொல்ல முடியுமோ அவ்வளவைத்தான் காது வழி வந்தவற்றில் மனம் வைத்துக்கொள்கிறது என்று ஆலன் பாட்லியும் சக ஆய்வாளர்களும் 1975-இல் காட்டினார்கள். பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்ஸில் பேசும் வேல்ஸ் மொழியில் எண்களின் பெயர்களை உச்சரிக்க ஆங்கிலத்தைவிட நேரம் அதிகம். இரண்டு மொழியும் தெரிந்தவர்களே வேல்ஸ் மொழியில் குறைவான எண்களைத்தான் நினைவில் வைத்தார்கள் என்று 1980-இல் ஓர் ஆய்வு வந்தது. தமிழைப் பாருங்கள்: ஒன்று, இரண்டு, நான்கு, ஒன்பது. எல்லாமே இரண்டு மூன்று அசை. ஆங்கிலத்தில் ‘செவன்’ தவிர ஒன்று முதல் ஒன்பது வரை எல்லாம் ஓரசை. அதனால் எல்லாரிடமும் ஆங்கிலத்திலேயே கேட்டுவிடலாம் என்பதும் சரியில்லை. ஆங்கில எண்கள் வாயில் பழகாத பிள்ளைக்கு அதுவே தனிச் சுமை. ‘வீட்டில் போன் நம்பரை எப்படிச் சொல்வாய்?’ என்று முதலில் கேட்டுவிட்டு, அந்த மொழியில்தான் நான் ஆரம்பிப்பேன்.

அடுத்தது பிள்ளையின் அன்றைய நிலை. ராத்திரி பன்னிரண்டு மணிவரை செல்போன் பார்த்துவிட்டு வந்த பிள்ளை, மழைக்காலத்துச் சளியில் காது அடைத்திருக்கும் பிள்ளை, பக்கத்தில் உட்கார்ந்து அம்மா ‘யோசிச்சு சொல்லுடா’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும் பிள்ளை: இவர்கள் எல்லாருக்குமே அன்றைக்கு மதிப்பெண் குறையலாம். பயம் மனதில் இடத்தை அடைத்துக்கொள்ளும். எண்களுக்கு மிஞ்சும் இடம் கொஞ்சம்தான். ரத்தசோகை இருந்தாலும் கவனம் நிற்காது. கவனக் குறைபாடு உள்ள பல பிள்ளைகளுக்கு உண்மையிலேயே செயல் நினைவு பலவீனமாக இருக்கும். அதை உறுதிசெய்ய இந்த ஒரு டெஸ்ட் போதாது, வகுப்பில் எப்படி இருக்கிறான் என்று டீச்சரிடமும் கேட்க வேண்டும்.

‘சயின்ஸ் நோட்டை எடு, புதுப் பக்கத்தில் தேதி போடு, கேள்வியை மட்டும் எழுது’ என்று டீச்சர் ஒரே மூச்சில் சொல்கிறார். செயல் நினைவு பலவீனமான பிள்ளை நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறான். சோம்பேறி என்று பெயர் வாங்குகிறான். அவனுக்கு மீதி இரண்டும் மனதில் நிற்கவே இல்லை. ஒவ்வொன்றாகச் சொன்னால், அல்லது போர்டில் எழுதிப் போட்டால், செய்துவிடுவான். வீட்டிலும் அப்படித்தான்.

மூளைப் பயிற்சி ஆப் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். பணம் கட்டி வாங்காதீர்கள். விளையாட விளையாட அந்த விளையாட்டும் அதைப் போன்றவையும் நன்றாக வரும். ஆனால் அந்த முன்னேற்றம் வாசிப்புக்கோ கணக்குக்கோ போய்ச் சேருவதில்லை என்று 2013-இல் மெல்பி-லெர்வாக், ஹியூம் இருவரும் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள்.

ரிப்போர்ட்டில் சந்தேகம் இருந்தால், எண்களை எந்த மொழியில் சொன்னீர்கள், நேராக எத்தனை, தலைகீழாக எத்தனை என்று டெஸ்ட் எடுத்தவரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். மறுபடி எடுப்பதென்றால் முதலில் காதைப் பரிசோதித்துவிடுங்கள். பிள்ளை நன்றாகத் தூங்கி எழுந்த நாளாகப் பார்த்து, காலை டிபன் சாப்பிடவைத்துக் கூட்டி வாருங்கள். அறைக்கு வெளியே காத்திருங்கள்.