எம்.பி.பி.எஸ். படிப்பைப் பாதியில் விட்டவர் மறுபடி சேர நினைத்தால்

நீட் முடிவு வந்து கவுன்சலிங் நெருங்கும் மாதங்களில் என் கிளினிக்குக்கு ஒரு தனி வகை இளைஞர்கள் வருவார்கள். ஏற்கெனவே ஒரு முறை எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்கள். சில வாரங்களோ ஒரு வருடமோ படித்துவிட்டு, எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தவர்கள். இப்போது மறுபடி நீட் எழுதி, சீட் கிடைக்கும் அளவுக்கு மார்க்கும் வைத்திருப்பார்கள். கூடவே அப்பா, அம்மா. உட்கார்ந்ததும் அம்மா கேட்பார்: "சேத்து விடலாமா டாக்டரம்மா? போன தடவை மாதிரி ஆயிடாதே?"

நான் மனநல மருத்துவர். நான் பார்க்கிற இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் மறுபடி சேரலாம். சேர்ந்து நன்றாகவே படிக்கவும் செய்கிறார்கள். ஆனால் சேர்வதற்கு முன் ஒரு கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். அந்தக் கேள்வியை நம் நாட்டில் வேறு யாரும் கேட்பதில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பவரிடம், இதற்கு முன் வேறு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்திருந்தீர்களா என்று விண்ணப்பத்திலேயே கேட்டுவிடுவார்கள். ஆம் என்றால் காரணம் சொல்ல வேண்டும்; நேர்காணலிலும் அதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். இங்கே எல்லாம் தரவரிசைதான். 720-க்கு எவ்வளவு, எந்தப் பிரிவு, எந்தக் கல்லூரி, அவ்வளவே. நேர்காணல் கிடையாது. இது ஒருவகையில் நல்லது. பாதியில் விட்டவன் என்று முத்திரை குத்தி யாரும் ஒதுக்க முடியாது. ஆனால் 'ஏன் விட்டாய்' என்று யாரும் கேட்காததால், அதே பிள்ளை, அதே பிரச்சினையோடு, புதிய ஹாஸ்டல் அறைக்குப் போய்ச் சேர்கிறது. அக்டோபரிலோ நவம்பரிலோ மறுபடியும் போன் வருகிறது.

என்னிடம் வந்த ஒரு மாணவனைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். தமிழ் வழியில் அரசுப் பள்ளியில் படித்தவன், 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் சீட் வாங்கியவன். முதல் இன்டர்னல் தேர்வு முடிந்ததும் வீட்டுக்கு வந்துவிட்டான். மன அழுத்தம் என்று யாரோ சொல்லி என்னிடம் அழைத்து வந்தார்கள். தூக்கம், பசி எல்லாம் சரியாக இருந்தது. பழைய நோட்டு இருக்கிறதா என்று கேட்டேன். அடுத்த முறை கொண்டுவந்தான். அனாட்டமி நோட்டு. ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் மேலே பென்சிலால் பொடி எழுத்தில் தமிழ் அர்த்தம். பக்கம் பக்கமாக அப்படித்தான். கைக்குப் போகும் நரம்புப் பின்னலை வரைந்து காட்டு என்றேன். ஒரு கிளைகூட விடாமல் வரைந்தான். 'இதை வைவாவில் கேட்டாங்களா?' என்று வாய்மொழித் தேர்வைப் பற்றிக் கேட்டதும் தலை குனிந்துவிட்டது. "கேட்டாங்க மேடம். தெரியும். வாய்ல வரல. நெக்ஸ்ட்னு சொல்லிட்டாங்க."

அவனுக்கு நோய் எதுவும் இல்லை. பாடமும் தெரியும். தெரிந்ததை ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பழக்கமில்லை, அதுதான் சிக்கல். இதைக் கண்டுபிடிக்காமல் இன்னொரு வருடம் கோச்சிங் அனுப்பியிருந்தால் ரேங்க் ஏறியிருக்கும். வைவாவில் வாய் திறந்திருக்காது. நீட் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம், எழுதினான். அந்த வருடம் முழுக்க மாலையில் ஒரு மணி நேரம் அனாட்டமியையும் பிஸியாலஜியையும் ஆங்கிலத்தில் சத்தமாகச் சொல்லிப் பழக வேண்டும் என்பது மட்டும் எங்கள் ஒப்பந்தம். கேட்க ஆள் வேண்டும் என்று பக்கத்து வீட்டு நர்சிங் மாணவியைப் பிடித்தான். இலக்கணப் பிழையோடு பேசினால் போதும் என்றுதான் தொடங்கினோம். இப்போது முதலாண்டைத் தாண்டிவிட்டான்.

எல்லாருக்கும் காரணம் இப்படி வெளியே இருக்காது. இன்னொரு மாணவி, வேறு வகை. தூங்கப் போவாள், விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். புத்தகத்தைத் திறந்தால் ஒரே வரியில் கண் நிற்கும். குளிப்பதுகூடப் பெரிய வேலையாகிவிட்டது. 'எனக்கு டாக்டராகத் தகுதியில்லை' என்று உறுதியாக நம்பினாள். அந்த நம்பிக்கையோடுதான் படிப்பை விடும் கடிதத்தில் கையெழுத்துப் போட்டாள். வீட்டில் அதை அவளுடைய முடிவு என்று எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அது மனச்சோர்வு நோயின் குரல். சிகிச்சை எடுத்து மூன்று, நான்கு மாதத்தில் தேறியதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "ஏன் டாக்டர் என்னை யாருமே நிறுத்தல?"

இது அரிதான கதை என்று நினைக்க வேண்டாம். தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு 2024-இல் வெளியிட்ட அறிக்கையில், ஆன்லைன் கருத்துக்கணிப்பில் பதிலளித்த 25,590 இளநிலை மாணவர்களில் 27.8 சதவீதம் பேர் தங்களுக்கு மனநலப் பிரச்சினை கண்டறியப்பட்டிருப்பதாகச் சொன்னார்கள். தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்னவர்கள் 16.2 சதவீதம். தாமாக முன்வந்து பதில் சொன்னவர்களின் கணக்கு என்பதால் எல்லா மாணவர்களுக்கும் அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் சிறிய எண்ணிக்கை இல்லை.

ஆகவே இன்னும் கையெழுத்துப் போடாதவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, செத்துவிடலாம் என்ற எண்ணம் வரும் நாட்களில் படிப்பை விடுவது பற்றி முடிவெடுக்காதீர்கள். விடுப்பு எடுங்கள். மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு, ரத்தசோகை, வைட்டமின் பி12 குறைபாடு எல்லாம்கூட இப்படிச் சோர்வாக வெளிப்படலாம், அவற்றையும் பரிசோதித்துவிடுங்கள். இடைவெளி விட்டவரை மறுபடி அதே இடத்தில் சேர்த்துக்கொள்ளப் பல்கலைக்கழகத்தில் விதிமுறை உண்டு. படிப்பில் இடைவெளி என்பது வேறு, 'டிஸ்கன்டினியூ' என்று எழுதிக் கொடுப்பது வேறு. முதலாவதில் உங்கள் சீட் உங்களுடையதாக இருக்கும். இரண்டாவதில் சீட் போய்விடும். பாண்ட் கையெழுத்துப் போட்டிருந்தால் பணமும் கட்ட வேண்டி வரலாம். டீன் அலுவலகத்தில் எந்தத் தாளை நீட்டினாலும் இரண்டில் எது என்று கேட்டுப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: 2023-ஆம் ஆண்டு விதிமுறைப்படி சேர்ந்த நாளிலிருந்து ஒன்பது ஆண்டுக்கு மேல் எம்.பி.பி.எஸ். படிப்பைத் தொடர முடியாது, முதலாண்டுத் தேர்வுக்கு நான்கு வாய்ப்புகள்தான். இடைவெளிக் காலமும் அந்த ஒன்பதுக்குள் அடங்கும்.

விட்டாயிற்று, இனி நீட் வழியாகத்தான் திரும்ப வேண்டும் என்பவர்கள் காரணத்தைத் தேடும்போது சின்னக் காரணம் என்று எதையும் தள்ளிவிடக் கூடாது. டிஸெக்‌ஷன் ஹாலில் (இறந்த உடலை அறுத்துப் படிக்கும் கூடம்) மயங்கி விழுந்ததற்காகப் படிப்பை விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ரத்தம், காயம் பார்த்ததும் சிலருக்கு ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும். மற்ற பயங்களில் நெஞ்சு படபடக்கும். இதில் மயக்கமே வரும். மன உறுதி குறைவு என்று சீனியர்கள் கேலி செய்வார்கள். உண்மையில் இது நன்றாகச் சரியாகக்கூடிய ஒன்று. கை, கால், வயிற்றுத் தசைகளைப் பத்துப் பதினைந்து விநாடி, முகம் சூடாகும் வரை இறுக்க வேண்டும். பிறகு அரை நிமிடம் தளர்த்த வேண்டும். மறுபடி இறுக்க வேண்டும். இப்படி ஐந்து முறை. இதைப் பழகிக்கொண்டு, முதலில் படம், பிறகு வீடியோ, பிறகு நேரில் என்று படிப்படியாகப் பார்க்க வைப்போம். சில வாரங்களில் முடிகிற சிகிச்சை இது. இதற்காக ஒரு மருத்துவ வாழ்க்கையையே கைவிட்டவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வயிறு எரிகிறது.

ராகிங்தான் காரணம் என்றால், கல்லூரி மாறினால் தீரும் என்று நம்பிவிட வேண்டாம். மருத்துவக் கல்லூரிகளுக்கென்றே 2021-இல் ராகிங் தடுப்பு விதிமுறைகள் வந்தன. 1800-180-5522 என்ற ராகிங் புகார் உதவி எண்ணை இம்முறை சேரும் நாளிலேயே போனில் பதிந்து வையுங்கள். பட்டது உள்ளே ரணமாக இருந்தால் அதற்கும் ஆலோசனை தேவை.

சில வீடுகளில் பெற்றோரைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொல்வேன். கதவு மூடியதும் பிள்ளை சொல்லும்: "எனக்கு வேண்டாம் மேடம். அப்பாவுக்காகத்தான் மறுபடி எழுதினேன்." இவர்களை மறுபடி சேர்க்க நான் பரிந்துரைப்பதில்லை. அப்பாக்களுக்குக் கோபம் வரும், வரட்டும். ஐந்தரை வருடம் படிக்கப் போவது அவர்கள் இல்லை.

விதிகளில் பலர் தவறாக நினைத்திருக்கும் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். நீட் எழுத இப்போது உச்ச வயது வரம்பு இல்லை, 2022-இல் நீக்கிவிட்டார்கள். எத்தனை முறை எழுதலாம் என்ற கட்டுப்பாடும் இல்லை. இந்தியாவில் சேர அந்தந்த ஆண்டின் மார்க்தான் செல்லும். பழைய மார்க்கை வைத்துக்கொண்டு காத்திருக்க முடியாது. 2024 தேர்விலிருந்து பாடத்திட்டம் மாறியிருக்கிறது. சில பகுதிகளை எடுத்தார்கள், சிலவற்றைச் சேர்த்தார்கள். பழைய கோச்சிங் புத்தகத்தைத் தூசு தட்டி எடுப்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும். முன்பு முதலாண்டில் பாஸ் செய்த பாடம் எதுவும் புதிய கல்லூரிக்கு வராது, முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும்.

பெரிய சிக்கல் ஒரிஜினல் சான்றிதழ்களில்தான் வருகிறது. பழைய கல்லூரியில் சான்றிதழ்கள் இருக்கின்றன என்று கடிதம் கொண்டுபோனால், அகில இந்திய ஒதுக்கீட்டுக் கவுன்சலிங்கில் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். ஒரிஜினல் கையில் இருந்தால்தான் சேர்க்கை. பாண்ட் தொகை பற்றிய பேச்சு இழுத்துக்கொண்டே போய், சீட் கிடைத்த வாரத்தில் பழைய கல்லூரி வாசலில் நிற்கும் குடும்பங்கள் உண்டு. இதைக் கவுன்சலிங்குக்குப் பல மாதம் முன்பே முடித்துவிடுங்கள். விட்டவர்களுக்கும் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் அந்த ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டில் (ப்ராஸ்பெக்டஸ்) என்ன சொல்லியிருக்கிறது என்று வரிவரியாகப் படியுங்கள். சிறப்பு ஒதுக்கீட்டில் முன்பு சீட் வாங்கியவர்கள் கீழ்ப்பாக்கத்தில் உள்ள தேர்வுக் குழு அலுவலகத்தில் நேரில் கேட்டுத் தெளிவது நல்லது. முன்பு சேர்ந்து படித்ததை விண்ணப்பத்தில் கேட்டால் மறைக்காதீர்கள்.

வெளிநாட்டில் பாதியில் விட்டு வந்தவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. 2021 நவம்பரில் வந்த விதிமுறைப்படி, படிப்பு, பயிற்சி, இன்டர்ன்ஷிப் எல்லாம் ஒரே வெளிநாட்டுக் கல்லூரியில் முடித்திருக்க வேண்டும், படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும். 'இரண்டு வருஷம் அங்க படிச்சாச்சு, மீதியை வேற நாட்டுல முடிச்சுக்கலாம்' என்று ஏஜென்ட் சொன்னால் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

சேர்ந்த பிறகு வருவது வேறு வகைச் சோதனை. வகுப்பில் மற்றவர்கள் இரண்டு மூன்று வயது சின்னவர்கள். பழைய பேட்ச் நண்பர்கள் ஸ்டெதஸ்கோப்போடு வார்டில் நிற்கும் படம் இன்ஸ்டாகிராமில் வரும். அதைப் பார்த்துவிட்டு இரவெல்லாம் விழித்திருந்த ஒரு மாணவரிடம், முதல் ஆறு மாதம் அந்தக் கணக்குகளை மட்டும் மியூட் செய்யச் சொன்னேன். உதவியது. முன்பு படித்ததையெல்லாம் சொல்லி வகுப்பில் அறிவிக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு பேராசிரியரிடமோ வார்டனிடமோ சொல்லி வையுங்கள். தடுமாறும் வாரத்தில் அவர்கள் கவனிப்பார்கள். தமிழக மருத்துவக் கல்லூரிகளில் 2022 டிசம்பரில் தொடங்கப்பட்ட 'மனம்' என்ற மனநல நல்லாதரவு மன்றங்கள் இதற்காகத்தான் இருக்கின்றன. உங்கள் கல்லூரியில் அதன் பொறுப்பாளர் யார் என்று முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

மாத்திரை சாப்பிடுபவர்கள் சேரும் மாதத்தில் நிறுத்தவே கூடாது. மனச்சோர்வு முதல் முறை வந்து சரியானவர்களுக்குக்கூட, நன்றாக ஆன பிறகு குறைந்தது ஆறு மாதமாவது மருந்தைத் தொடரச் சொல்வோம். புது ஹாஸ்டல், புது ஊர், தூக்கம் கெடும் நேரம் அது. ரூம்மேட் பார்த்துவிடுவான் என்று அட்டையைத் தூக்கிப் போட்டவர்கள்தான் நவம்பரில் திரும்பி வருகிறார்கள். இரவு சாப்பிடும் மாத்திரையை வைட்டமின் டப்பாவில் மாற்றி வைத்துக்கொண்டாலும் எனக்குச் சம்மதமே, நிறுத்தாமல் இருந்தால் போதும். டப்பாவுக்குள் மாத்திரையின் பெயரை ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்துவிடுங்கள், அவசரத்துக்கு வேண்டும்.

பெற்றோர் கடைசியாகக் குரல் தாழ்த்திக் கேட்பது ஒன்று: 'இங்க வந்துட்டுப் போனது காலேஜுக்குத் தெரிஞ்சுடுமா?' நாங்கள் சொல்ல மாட்டோம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை பெறுபவரின் தகவலை ரகசியமாக வைக்கும் உரிமையைத் தந்திருக்கிறது. மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்துத் தேறியவர் எம்.பி.பி.எஸ். சேர அது தடையும் இல்லை. கிளினிக்குக்கு வரவே தயங்குபவர்கள் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமனஸ் 14416-இல் எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. தமிழக அரசின் 104 எண்ணும் உண்டு. பிள்ளை பேச மறுத்தால், அம்மாவோ அப்பாவோ கூப்பிட்டு எப்படிப் பேசுவது என்று கேட்கலாம்.