உப்பு வேறு, கிருமி வேறு: கடலோர வீடுகளின் குடிநீர் பற்றி

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை எங்கள் ராமநாதபுரம் கடலோரத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் மூன்று நான்கு விதமான தண்ணீர் இருக்கும். குளிக்கவும் பாத்திரம் கழுவவும் போர்த் தண்ணீர். சமையலுக்குக் குழாயில் வரும் காவிரித் தண்ணீர். அது வராத நாளில் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கித் தெருக்கோடியிலிருந்து உருட்டிக்கொண்டு வரும் தண்ணீர், இல்லாவிட்டால் லாரித் தண்ணீர். குடிக்க மட்டும் கேன். இதில் எதைக் குழந்தைக்குக் கொடுக்கலாம் என்பதுதான் என் மருத்துவமனையில் நான் அதிகம் கேட்கும் கேள்விகளில் ஒன்று.

பெரும்பாலானவர்கள் நாக்கை வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள். வாயில் ஊற்றிப் பார்த்து உப்புக் கரிக்கவில்லை என்றால் அது நல்ல தண்ணி. கொஞ்சம் வசதியுள்ளவர்கள் பேனா மாதிரி இருக்கும் டிடிஎஸ் மீட்டரை முக்கிப் பார்க்கிறார்கள். இரண்டுமே சொல்வது ஒரே விஷயத்தைத்தான், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை. மீட்டர் அளப்பது தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்பதை. அதிலிருந்து கணக்குப் போட்டு ஓர் எண்ணைக் காட்டுகிறது. வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை, டைபாய்டு கொண்டுவரும் கிருமி அதன் கணக்கிலேயே வராது. 80 என்று காட்டுகிற ஊரணித் தண்ணீரில் கிருமி மொய்த்திருக்கலாம். 1500 காட்டுகிற ஆழ்துளைக் கிணற்றில் கிருமியே இல்லாமலும் இருக்கலாம். உப்பைத் தனியாகவும் கிருமியைத் தனியாகவும் பார்க்காதவரை, எந்தத் தண்ணீரைப் பற்றியும் முடிவுக்கு வர முடியாது.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 10500 என்ற தர விதி குடிநீருக்கான அளவுகளைச் சொல்கிறது. டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு, லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு தண்ணீருக்கு வழியே இல்லாத இடத்தில் மட்டும் 2000 வரை போகலாம். கிருமி விஷயத்தில் இந்தச் சலுகை கிடையாது: மலத்திலிருந்து வரும் ஈ.கோலி, 100 மில்லி தண்ணீரில் ஒன்றுகூடத் தென்படக் கூடாது.

உப்புத் தண்ணீரின் ஆபத்து எங்கே அதிகம் என்று கேட்டால், நான் முதலில் சொல்வது வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலான ஓஆர்எஸ்ஸை. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று வரும் தாயிடம் பாக்கெட்டைக் கொடுத்து அனுப்பும் முன் கேட்பேன், "இதை எந்தத் தண்ணியிலம்மா கலக்குவீங்க?" சில நேரம் வரும் பதில்: "போருத் தண்ணியக் கொதிக்க வச்சு ஆத்தித்தான் டாக்டர் கலக்குவேன்." கொதிக்க வைக்க வேண்டும் என்று அந்தத் தாய்க்குத் தெரிந்திருக்கிறது, நல்ல விஷயம். ஆனால் போர்த் தண்ணீர் என்பதுதான் இங்கே சிக்கல். உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி செய்த பாக்கெட் ஒன்றை ஒரு லிட்டர் நீரில் கரைக்க வேண்டும். அதில் சமையல் உப்பு 2.6 கிராம் இருக்கிறது. டிடிஎஸ் 2000, 2500 என்று இருக்கும் தண்ணீரில் அதைக் கரைத்தால், தண்ணீரே லிட்டருக்கு இரண்டு, இரண்டரை கிராம் உப்புகளைக் கூடவே கொண்டுவருகிறது. அளந்து செய்த மருந்து அளவு தப்பிய உப்புக் கரைசலாகிவிடும். குழந்தையின் ரத்தத்தில் சோடியம் ஏறினால் தாகம் அடங்காது, ஓயாமல் அழும், முற்றினால் வலிப்பு வரை போகலாம். அதனால் ஓஆர்எஸ் கலக்க உப்பில்லாத தண்ணீர்தான் வேண்டும். கேன் தண்ணீரோ காவிரித் தண்ணீரோ, காய்ச்சி ஆறவைத்துக் கலக்குங்கள். பால் பவுடர் கரைப்பதற்கும் இதேதான். ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு, வெயில் எவ்வளவு அடித்தாலும், தாய்ப்பால் போதும். தனியாகத் தண்ணீரே வேண்டாம். "நாக்கு வறண்டிருமே" என்று அப்பத்தாமார் சொல்வார்கள். தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான்.

பெரியவர்கள் விஷயத்தில் பயப்பட வேண்டியது ரத்த அழுத்தத்துக்கு. டிடிஎஸ் 2000 உள்ள தண்ணீரை ஒருவர் நாளைக்கு மூன்று லிட்டர் குடித்தால் உடம்புக்குள் போவது 6 கிராம் உப்புகள். அதில் பாதிதான் சமையல் உப்பு என்று வைத்தாலும் 3 கிராம். ஒரு நாள் முழுவதும் சாப்பாட்டில் சேரும் உப்பே 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெயிலில் வலை இழுக்கிறவர் மூன்று லிட்டரோடு நிறுத்த மாட்டார். கருவாடும் ஊறுகாயும் வேறு இருக்கின்றன. வங்கதேசக் கடலோரத்தில் நடந்த ஆய்வுகளில், உப்பு ஏறிய தண்ணீர் குடிக்கும் கர்ப்பிணிகளுக்கு ரத்த அழுத்தம் அதிகம் வருவது பதிவாகியிருக்கிறது. பிரஷர் மாத்திரை சாப்பிட்டும் கட்டுக்குள் வராதவர்களிடம் குடிக்கும் தண்ணீரைப் பற்றி நான் விசாரிப்பது இதனால்தான். உப்புத் தண்ணீர் குடித்தால் கல் அடைப்பு வரும் என்று ஒரு பேச்சு உண்டு. கடினத் தண்ணீரால்தான் கல் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. தண்ணீர் வாய்க்குப் பிடிக்காமல் குறைவாகக் குடிப்பவர்களுக்குக் கல் வருகிறது. அந்த வழியில்தான் உப்புக்கும் கல்லுக்கும் தொடர்பு.

போர் போட்ட புதிதில் இனிப்பாக இருந்தது, இப்போது வாயில் வைக்க முடியவில்லை என்று மண்டபம், பாம்பன் பக்கமெல்லாம் சொல்வார்கள். மழைநீர் மணலில் இறங்கி, அடியில் இருக்கும் கடல் நீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. நல்ல நீர் எடை குறைவு, உப்பு நீர் எடை கூட. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நல்ல நீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நல்ல நீர் இருக்கும் என்பது பொதுக்கணக்கு. மோட்டார் போட்டு இழுத்து மேலே 1 அடி குறைந்தால், கீழேயிருந்து உப்பு அத்தனை தூரம் மேலேறி வரும். தனுஷ்கோடியில் கடலுக்குப் பக்கத்திலேயே மணலைக் கையால் தோண்டி, ஊறி வரும் நல்ல தண்ணீரை மொண்டு எடுப்பதும் இதே காரணத்தால்தான். மேலாக, மெதுவாக எடுக்கிறார்கள், அதனால் கிடைக்கிறது.

ஆனால் மேலாக இருக்கும் இந்தத் தண்ணீருக்குத்தான் கிருமி பயம் அதிகம். மணல் தண்ணீரை வேகமாக இறக்கிவிடும், கிருமியை முழுதாகத் தடுக்காது. பத்தடி தள்ளிக் கழிப்பறையின் உறிஞ்சு குழி இருந்தால், அதன் கசிவு ஊற்றிலும் கிணற்றிலும் சேரும். கிருமியோடு நைட்ரேட் என்ற உப்பும் வரும். நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டினால் கைக்குழந்தைக்கு ரத்தத்தின் ஆக்சிஜன் ஏற்கும் திறன் குறைந்து உடம்பு நீலம் பாரிக்கலாம். இது வாய்க்குத் தெரியாது, காய்ச்சினாலும் போகாது.

காய்ச்சுவது கிருமிக்கு மட்டும்தான் மருந்து. தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் விட்டால் போதும், கிருமிகள் செத்துவிடும். உப்பு, ஃபுளோரைடு, நைட்ரேட் எல்லாம் அப்படியே இருக்கும். தண்ணீர் ஆவியாகக் குறைவதால் கொஞ்சம் கூடவும் செய்யும். ஊரணித் தண்ணீர் கலங்கி இருந்தால் குடத்துக்குள் தேத்தாங்கொட்டையை உரசித் தெளியவைக்கும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. அது மண்ணைக் கீழே படியவைக்கும், கிருமியைக் கொல்லாது. தெளிந்த பிறகு காய்ச்ச வேண்டும்.

சரி, தண்ணீரை ஜவ்வு வழியாக அழுத்தி உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. மெஷின் வாங்கலாமா? வீட்டுக்கு வந்து விற்கிறவர்கள் செய்து காட்டும் ஒரு சோதனையைச் சொல்ல வேண்டும். இரண்டு தம்ளரில் தண்ணீர் ஊற்றுவார், ஒன்று உங்கள் வீட்டுத் தண்ணீர், இன்னொன்று அவருடைய ஆர்.ஓ. தண்ணீர். கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கருவியை இரண்டிலும் முக்கி சுவிட்சைப் போடுவார். சற்று நேரத்தில் உங்கள் தம்ளரில் செம்பழுப்பாக அழுக்கு திரளும். பார்க்கிறவர் வயிறு கலங்கிவிடும். அந்த அழுக்கு உங்கள் தண்ணீரில் இருந்தது இல்லை. உப்புள்ள தண்ணீரில் மின்சாரம் பாய்வதால் கருவியின் இரும்புக் கம்பியே கரைந்து துருவாக வருகிறது. ஆர்.ஓ. தண்ணீரில் மின்சாரம் பாய அவ்வளவாக உப்பு இல்லை, அதனால் அது தெளிவாக நிற்கிறது. நல்ல காவிரித் தண்ணீரை வைத்தாலும் இதே அழுக்கு வரும். இதைப் பார்த்துப் பயந்து யாரும் முன்பணம் கொடுக்காதீர்கள்.

டிடிஎஸ் 500க்கு மேல் உள்ள தண்ணீரைத்தான் குடித்தாக வேண்டும் என்றால் ஆர்.ஓ. தேவை. காவிரித் தண்ணீர் ஒழுங்காக வரும் வீட்டுக்கு அது தேவையில்லை. காய்ச்சினாலோ புற ஊதா விளக்கு வைத்த ஃபில்டர் வைத்தாலோ போதும். அந்த விளக்கு உப்பைத் தொடாது என்பதால் போர்த் தண்ணீருக்கு அது மட்டும் போதாது. வீட்டு ஆர்.ஓ. மெஷின்கள் பெரும்பாலும் 2000 டிடிஎஸ் வரைதான் தாங்கும். அதற்கு மேல் இருந்தால் ஜவ்வு சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு ஏறத்தாழ மூன்று லிட்டர் கழிவாகப் போகும். கழிப்பறைக்கும் தரை துடைக்கவும் வைத்துக்கொள்ளலாம், உப்பு கூடியிருப்பதால் செடிக்கு ஊற்ற வேண்டாம். ஆர்.ஓ. தண்ணீரில் குளோரின் மிஞ்சுவதில்லை. பிடித்து வைத்த பாத்திரத்தில் கிருமி சேர்ந்தால் தடுக்க எதுவும் கிடையாது. நாள்கணக்கில் வைத்துக் குடிக்காதீர்கள்.

கேன் வாங்கும்போது மூடியின் சீல் உடையாமல் இருக்கிறதா, தயாரித்த தேதியும் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க உரிம எண்ணும் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே பச்சை படிந்த கேனையும் வெயிலில் நாள் முழுக்க நின்ற கேனையும் திருப்பி அனுப்புங்கள். தண்ணீர் பிடிக்கும் டிஸ்பென்சரின் குழாயைக் கழற்றிக் கழுவிய ஞாபகம் பல வீடுகளில் யாருக்கும் இருப்பதில்லை. அதைப் பற்றித்தான் நான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

குழாய்த் தண்ணீரில் லேசான மருந்து வாசம் வந்தால் முகம் சுளிக்க வேண்டாம். வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருந்தால்தான் வழியில் சேரும் கிருமியை அது சமாளிக்கும். சில மணி நேரத்தில் வாசம் குறைந்துவிடும். சில நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும் தெருக்களில் டிரம்மில் நிரப்பி வைப்பதுதான் வழி, அதில் தவறில்லை. ஆனால் மீன் அரிந்த கையோடு செம்பை உள்ளே முக்குவதை நான் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். குழாய் வைத்த டிரம், இல்லையென்றால் நீளக் கைப்பிடி வைத்த கரண்டி, இது ஒன்றே பாதி வயிற்றுப்போக்கைக் குறைக்கும் என்பது என் நம்பிக்கை. மூடியும் இறுக்கமாக இருக்க வேண்டும். டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை டிரம்மின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்தாலும் மாதக்கணக்கில் கிடக்கும். வாரம் ஒருமுறை காலி செய்து, உள்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

கிணறோ போரோ வைத்திருப்பவர்கள் தண்ணீரைச் சோதித்துப் பார்த்துவிடுவது நல்லது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பொதுமக்களும் சோதிக்கலாம். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமப் பெண்களுக்குச் சோதனைப் பெட்டி கொடுத்துப் பயிற்சியும் தருகிறார்கள். உங்கள் ஊராட்சியில் யாரிடம் பெட்டி இருக்கிறது என்று கேளுங்கள். அதில் இருக்கும் சிறு புட்டியில் கோடு வரை தண்ணீர் ஊற்றி ஓரிரு நாள் வைத்தால், மலக் கிருமி இருந்தால் கறுப்பாகும். ஆய்வகத்துக்குக் கொண்டுபோவதாக இருந்தால் கிருமிச் சோதனைக்கு அவர்கள் தரும் புட்டியையே பயன்படுத்துங்கள், வீட்டு பாட்டில் வேண்டாம். குழாயை ஓரிரு நிமிடம் ஓடவிட்டு, புட்டியின் வாயில் விரல் படாமல் பிடித்து, ஐஸ் வைத்த பையில் அன்றே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள். உப்பு கோடைக் கடைசியில் உச்சத்தில் இருக்கும், கிருமி ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பிறகு ஏறும். வருடத்துக்கு அந்த இரண்டு சோதனைகளைச் செய்யுங்கள்.