சென்சார்: உணரியா, பதங்காட்டியா?

கொடைக்கானல் மேல்மலையில், பூம்பாறைப் பக்கம் ஒரு பூண்டுக் காடு. இரண்டு முள் வைத்த கருவியை மண்ணில் குத்திவிட்டுக் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான் ஒரு தம்பி.

"என்னடா அது?"

"சென்சாருப்பா. மண்ணுல எம்புட்டு ஈரம் இருக்குன்னு சொல்லும்."

அப்பா ஒரு பிடி மண்ணை அள்ளி அழுத்திப் பார்த்தார். "அப்ப பதம் பாக்குதுன்னு சொல்லு."

கலைச்சொல் ஆக்குகிறவர்கள் அவரை ஒருமுறை கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்.

சென்சாருக்கு வேர் 'சென்டீரே' என்ற இலத்தீன் வினை; பொருள் உணர்தல். அதையொட்டித் தமிழில் உணர் + இ = உணரி. பூச்சிக்கொல்லி, திசைகாட்டி, சுமைதாங்கி எல்லாம் இதே இகர விகுதிதான், இலக்கணத்தில் குறையில்லை. 'உணர்த்தி' என்றால் பொருள் மாறிவிடும். உணர்த்துவது பிறருக்குத் தெரிவிப்பது. ஈரம் குறைந்ததும் கைபேசிக்குச் செய்தி அனுப்பும் பகுதிக்கு வேண்டுமானால் அது பொருந்தும்.

என் தயக்கம் வேறு. தமிழில் உணர்தல் தொட்டறிவதோடு நிற்காது. 'தப்பை உணர்ந்தான்' என்றால் புரிந்துகொண்டான் என்று பொருள். மண்ணில் குத்திய முள்ளுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. ஒரு பொருள் மின்னூட்டம் தேங்க எவ்வளவு உதவும் என்பதைக் காட்டும் எண் ஒப்புமை விடுதிறன்; நீருக்கு அது சுமார் 80. காய்ந்த மண்ணுக்கு 3 முதல் 5 வரைதான். ஈரம் ஏற ஏற முட்களுக்கிடையே மின்தேக்குத்திறன் கூடும். கருவி அதை அளந்து எண்ணாக்கிக் காட்டுகிறது, அவ்வளவே. களிமண்ணில் ஒரு மாதிரி, மணற்பாங்கில் ஒரு மாதிரி காட்டும் என்பதால், நம் காட்டு மண்ணுக்கு ஏற்ப அளவைத் திருத்தியும் வைக்க வேண்டும்.

பதம் அப்படியில்லை; அது மனதைச் சொல்லாது, பொருளின் நிலையைத்தான் சொல்லும். சோற்றுக்குப் பதம், பாகுக்குப் பதம், உழவுக்குப் பதம். வானிலை அறிக்கையிலேகூட ஈரப்பதம். (சொல்லுக்கும் 'பதம்' என்று பெயர் உண்டு என்பது தனிக் கதை.) அதனால் மண்ணில் குத்தும் இந்தக் கருவிக்கு மட்டும் 'பதங்காட்டி' என்பேன். வெப்பம், வெளிச்சம் அளப்பவற்றில் உணரி வேரூன்றிவிட்டது. அதைப் பிடுங்க வேண்டாம்.

ஒன்று மட்டும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற கணக்கு மலை அடுக்கு நிலத்தில் செல்லாது. மேலடுக்கு காய்ந்து கிடக்கும்போதே கீழடுக்கில் ஈரம் கசியும். மேலே குத்திய கருவியை நம்பிக் கீழேயும் தண்ணீர் விட்டால், அறுவடை நெருங்கிய பூண்டு அழுகிப்போகும். தம்பி கீழடுக்குக்கு இன்னொன்று வாங்கப் போகிறானாம். அதுவரைக்கும் அங்கே அப்பாவின் கைதான்.