தக்கோட்சுபோ: அடைப்பு இல்லாத மாரடைப்பு

மாரடைப்பு என்ற சொல்லைப் பிரித்தால் மார், அடைப்பு என்று வரும். நெஞ்சை வந்து அடைக்கிறது என்று நோயாளி சொல்கிறாரே, அந்த உணர்வே பெயராகிவிட்டது போலிருக்கிறது. இதயத்தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுவதுதான் நோய்க்குக் காரணம் என்று மருத்துவம் சொன்னபோதும் சொல் அதற்குக் கச்சிதமாகப் பொருந்திக்கொண்டது. உணர்வும் அடைப்பு, காரணமும் அடைப்பு. இப்படி இரண்டு பக்கமும் சரியாக நிற்கிற நோய்ப்பெயர்கள் எந்த மொழியிலும் அதிகம் கிடைக்காது.

தக்கோட்சுபோ அந்தப் பொருத்தம் கலைகிற இடத்தில் பிறந்த சொல்.

1983. ஜப்பானில் ஹிரோஷிமா நகர மருத்துவமனைக்கு 64 வயதுப் பெண் ஒருவர் கடும் நெஞ்சுவலியோடு வருகிறார். ஈசிஜி மாரடைப்பு என்றே காட்டுகிறது. ரத்தக்குழாயில் சாயம் செலுத்திப் படம் எடுத்துப் பார்த்தால் எங்கேயும் அடைப்பு இல்லை. அப்புறம் இதயத்தின் இடது கீழறையையும் படம் எடுக்கிறார்கள். அங்கேதான் விசித்திரம். இதயம் சுருங்கும்போது, ஈரத்துணியைப் பிழிகிற கைபோல, அறை முழுவதும் ஒருசேர இறுக வேண்டும். இவருக்கு மேல்பகுதி மட்டும் பலமாக இறுகிக் குறுகிய கழுத்தாகிவிட்டது. கீழே முனைப்பகுதி சுருங்காமல், உருண்டையாக உப்பியபடியே நின்றது. குறுகிய கழுத்து, உருண்ட வயிறு. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது இதயம் பழையபடி இயங்கிக்கொண்டிருந்தது. உண்மையான மாரடைப்பில் செத்துப்போன தசை இப்படித் திரும்பிவராது.

அடுத்த சில ஆண்டுகளில் அதே மருத்துவமனையில், மாரடைப்பு என்று வந்த 415 பேரில் ஐந்து பேரிடம் இதே காட்சியைக் கண்டார்கள். ஹிக்காரு சாத்தோவும் உடன் பணிபுரிந்தவர்களும் 1990இல் ஒரு ஜப்பானிய மருத்துவ நூலில் இதை எழுதினார்கள். 1991இல் கெய்கோ தோத்தே குழுவினரின் கட்டுரை வந்தது. சாத்தோ குழுவினர் இட்ட பெயர்தான் தக்கோட்சுபோ.

சரி, அதற்குப் பொருள் என்ன? ‘தக்கோ’ என்றால் பேய்க்கணவாய். எட்டுக் கைகளோடு கடலடியில் ஊர்ந்து திரியுமே, ஆக்டோபஸ் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்தோமே, அதுதான். ‘சுபோ’ என்றால் மண்கலம், ஜாடி. சேர்த்துச் சொல்லும்போது நடுவில் ட்சு ஒலி தெளிவாகக் கேட்கும். பேய்க்கணவாய் பிடிக்கிற பானை, அவ்வளவுதான்.

அந்தப் பானையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். மெருகு பூசாத சுட்ட மண். இரண்டு கையாலும் தூக்கிக்கொள்ளலாம். வாய்ப்பக்கம் ஒடுங்கி, உடம்பு உருண்டிருக்கும். நீண்ட கயிற்றில் இடைவெளிவிட்டு வரிசையாகக் கட்டிக் கடலடியில் இறக்குவார்கள். உள்ளே இரை எதுவும் வைப்பதில்லை. பேய்க்கணவாய்க்கு இண்டு இடுக்குகளில் ஒடுங்கிக் கிடப்பது பிடிக்கும். பாறை இடுக்கு என்று நினைத்து அதுவாகவே உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு கயிற்றை இழுத்து மேலே கொண்டுவந்தாலும் தப்பித்து ஓடாது. ஆபத்து என்று தெரிந்தால் இன்னும் உள்ளேதான் ஒட்டிக்கொள்ளும். ஒசாகா விரிகுடாக் கரையில், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய யாயோய் காலக் குடியிருப்புகளைத் தோண்டியபோது, சிறுவகைப் பேய்க்கணவாய்களைப் பிடிக்கும் குட்டிப் பானைகள் கிடைத்திருக்கின்றன. இப்போது பிளாஸ்டிக்கிலும் செய்கிறார்கள், முறை மாறவில்லை. ஹிரோஷிமா இருப்பது இந்தப் பானைகள் புழங்கும் உள்நாட்டுக் கடலின் கரையில். அங்கே வாழும் மருத்துவருக்குப் படத்தில் தெரிந்த உருவம் பக்கத்துத் துறைமுகத்துப் பண்டமாகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை.

ஜப்பானியப் பேச்சில் இந்தச் சொல்லுக்கு வேறு வேலைகளும் உண்டு. போர்க்களத்தில் ஒற்றைச் சிப்பாய் பதுங்கும் குழிக்கும் இதுவே பெயர். தன் துறையைவிட்டு எட்டிப் பார்க்காத அறிஞர்களையும் பானைக்குள் அடைந்தவர்கள் என்பார்கள். கண்ட உருவத்தையே நோய்க்குப் பெயராக வைப்பதும் அங்கே புதிதல்ல. மூளை ரத்தக்குழாய் நோய் ஒன்றில் நுண்குழாய்கள் புகைமூட்டம்போலத் தெரிந்ததால், 1969இல் தொஹோக்கு பல்கலைக்கழகத்தின் சுசுகியும் தக்காக்குவும் அதை ‘மோயாமோயா’ என்றார்கள். ஜப்பானிய மொழியில் மங்கலாகக் கலைந்து நிற்பதைச் சொல்லும் இரட்டைச் சொல் அது, நம் ‘மசமச’ மாதிரி. உலகமே இன்று அப்படித்தான் அழைக்கிறது.

இதயம் ஏன் இப்படி உப்புகிறது? ஆராய்ச்சி பெரும்பாலும் கைகாட்டுவது அட்ரினலின் வகைச் சுரப்புகளை. திடீர் அதிர்ச்சியில் அவை வெள்ளமாய்ப் பாய்ந்து இதயத்தசையைத் திகைக்க வைத்துவிடுகின்றன. தசை சாகாமல் சில நாளோ சில வாரமோ செயலற்று நிற்கிறது. முனைப்பகுதி அந்தச் சுரப்புகளுக்கு அதிகமாக எதிர்வினை காட்டுவதால் அடி அங்கே பலமாக விழுகிறது என்பது பலர் ஏற்கும் விளக்கம். வக்காயாமா மருத்துவப் பல்கலைக்கழகத்தில் தகாஷி உவேயாமாவின் குழு எலிகளை அசையவிடாமல் கட்டிவைத்துப் பார்த்தது. எலியின் இதயமும் அதேபோல் உப்பியது. அட்ரினலின் ஏற்பிகளைத் தடுக்கும் மருந்து கொடுத்தபோது உப்பவில்லை. 2002இல் வெளியான ஆய்வு இது. பெண்மைச் சுரப்பான ஈஸ்ட்ரோஜனுக்கு இதில் காக்கும் பங்கு இருக்கக்கூடும் என்பதையும் பிறகு எலிகளிடமே காட்டினார்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கே இந்நோய் அதிகம் வருவதற்கு அங்கே ஒரு காரணம் இருக்கலாம்.

2004 அக்டோபர் 23 அன்று ஜப்பானின் நீகாதா மாநிலத்தின் சுவேட்சு பகுதியில் பெரிய நிலநடுக்கம். பின்னதிர்வுகள் ஓயவில்லை. அதைத் தொடர்ந்த வாரங்களில் அங்குள்ள மருத்துவமனைகளுக்கு இந்த இதயத்தோடு வந்தவர்கள் சட்டென்று கூடினார்கள். பூமி அதிர்ந்ததும் இதயம் உப்பியதும் நாள்கணக்கில் பொருந்தி நின்றதால், அதுவரை தனித்தனி நோயாளிகளாகப் பார்க்கப்பட்டது ஓர் ஊரின் துயரமாகவே பதிவானது.

இந்த இடத்தில்தான் எனக்குப் பெயரைப் பற்றிக் கவலை தொடங்குகிறது. நோய் மேற்கே போனபோது, செய்தித்தாள்களுக்கு ஜப்பானியப் பானை ருசிக்கவில்லை. ‘உடைந்த இதயம்’ என்று வைத்துவிட்டார்கள். தமிழ்ச் செய்திகளும் அதையே அப்படியே எடுத்து ‘உடைந்த இதய நோய்’, ‘இதயம் உடையும் நோய்’ என்று எழுதுகின்றன. இரண்டு காரணங்களால் இது எனக்கு ஒப்பவில்லை.

முதலாவது, மொழி. தமிழில் இதயம் உடையாது. மனம் உடையும், நெஞ்சு உடையும், நெஞ்சு வெடிக்கும். துக்கம் தாளாமல் போனவரைப் பற்றி ‘நெஞ்சு வெடிச்சுச் செத்துட்டா’ என்று கிராமத்தில் சொல்வார்கள். நெஞ்சு என்பது நமக்கு மார்பும்தான் மனமும்தான். இந்த இரண்டையும் ஒரே சொல்லில் வைத்திருக்கிற மொழிக்கு ‘உடைந்த இதயம்’ இரவல் வாங்கிய சட்டைபோலத் தொளதொளவென்று நிற்கிறது.

அப்படியானால் ‘நெஞ்சு வெடிப்பு’ என்று வைத்துவிடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் இரண்டாவது காரணம் அதையும் தள்ளிவிடுகிறது. அது மருத்துவம்.

பல நாட்டு நோயாளிகள் 1750 பேரைத் தொகுத்து ஆராய்ந்த ஒரு பெரிய பதிவேட்டின் முடிவுகள் 2015இல் வந்தன. பத்தில் ஒன்பது பேர் பெண்கள். மனத்துயரோ மன அதிர்ச்சியோ தூண்டியவர்கள் 27.7 விழுக்காடு. அறுவை சிகிச்சை, மூச்சுத்திணறல், தொற்று, வலிப்பு போன்ற உடல் காரணம் தூண்டியவர்கள் 36 விழுக்காடு, அதாவது மனக்காரணத்தைவிட அதிகம். 28.5 விழுக்காட்டினருக்குத் தெளிவான காரணம் எதுவுமே தெரியவில்லை. அடுத்த ஆண்டு அதே பதிவேட்டிலிருந்து, மன உணர்ச்சி தூண்டிய 485 பேரைத் தனியே பார்த்தார்கள். அவர்களில் 20 பேருக்கு நோயைத் தூண்டியது மகிழ்ச்சி. நல்ல செய்தியும் கொண்டாட்டமும்கூட இதயத்தை உப்ப வைக்கும்!

அப்புறம் இன்னொன்று, இதுதான் என்னை அதிகம் உறுத்துவது. ‘உடைந்த இதயம்’ என்று கேட்டதும் வீட்டில் என்ன நடக்கும்? ‘அம்மாவுக்கு மனசு சரியில்லை, வேற ஒண்ணுமில்லையாம், கொஞ்ச நாள்ல தேறிடுவாங்க’ என்று நோய் சிறுத்துவிடும். வயதான பெண்களின் நெஞ்சுவலியைப் ‘பதற்றம்’, ‘வாயு’ என்று ஒதுக்குகிற பழக்கம் ஏற்கெனவே நம்மிடம் வேண்டிய அளவு இருக்கிறது. அதன்மேல் ஒரு கவிதைப் பெயரையும் வைத்தால் என்னாகும்? அந்தப் பதிவேட்டில் நூற்றில் நான்கு பேர் மருத்துவமனையிலேயே இறந்திருக்கிறார்கள். இதயம் செயலிழக்கலாம், தாளம் கெடலாம், அசையாத முனையில் ரத்தக்கட்டி உருவாகலாம். ஒருமுறை வந்தவர்களில் சிலருக்கு மறுபடி வரவும் செய்கிறது. தொடக்கத்தில் வலியை வைத்தும் ஈசிஜியை வைத்தும் மட்டும் இதை மாரடைப்பிலிருந்து பிரிக்க முடியாது. ஆஞ்சியோகிராம் செய்து அடைப்பு இல்லை என்று பார்த்த பிறகே சொல்ல முடியும். ஆகவே நெஞ்சுவலி வந்தால் மாரடைப்பு என்றே நினைத்து மருத்துவமனைக்கு ஓட வேண்டும். இந்த வேறு பெயரெல்லாம் அங்கே போன பிறகு.

காரணத்தைப் பெயரில் வைத்தால் மூன்றில் இரண்டு பேருக்கு அந்தப் பெயர் பொய். ஹிரோஷிமாக்காரர்கள் பெயரில் காரணத்தைத் தொடவே இல்லை. கண்ணில் பட்ட வடிவத்தை மட்டும் சொன்னார்கள். நாமும் அதையே செய்யலாம் என்பது என் கருத்து.

சரி, எந்தப் பானை? நேராக மொழிபெயர்த்தால் ‘பேய்க்கணவாய்ப் பானை இதயம்’. கடற்கரை ஊர்க்காரருக்கு முதல் பாதி புரியும். கடலோரம் அல்லாத ஊரில் இருப்பவருக்குக் கணவாய் என்றால் மலைகளுக்கு நடுவே போகிற வழி. பேய் வேறு சேர்ந்துகொண்டால் நோயாளிக்குப் பயம்தான் மிஞ்சும். இந்த மாதிரிப் பானையை நாம் பார்த்துப் பழகவும் இல்லை. ஜப்பானியப் பெயர் ஜப்பானியருக்கு எளிதானது, அவர்கள் கண்ட பண்டம் என்பதால். அந்த எளிமையைத்தான் மொழிபெயர்க்க வேண்டும், கணவாயை அல்ல.

நம்மிடம் மண்கலங்களுக்குப் பஞ்சமில்லை. பானைக்கு வாய் அகலம், பொருந்தாது. குடத்துக்குக் கழுத்து உண்டு, ஆனால் ‘குட இதயம்’ என்றால் குடல் என்று காதில் விழும். கும்பம் என்றால் கோயில் நினைவு வந்துவிடும். கிணற்றில் கயிறு கட்டி இறக்கிய தோண்டி எனக்கு மிகவும் பிடித்த சொல். கயிற்றில் இறங்குவதால் ஜப்பானியப் பானைக்கு உறவும்கூட. ஆனால் இன்றைய பிள்ளைகளுக்கு அது தெரியாது. குடுவை வடிவத்தால் பொருந்துகிறது. ஜப்பானிலேயே சிலர் ‘ஆம்புலா’ என்ற லத்தீன் சொல்லால் இந்நோயைக் குறித்தார்கள், அதுவும் குடுவைதான். என்றாலும் பள்ளிப் பாடம் படித்தவருக்குக் குடுவை என்றதும் வேதியியல் கூடத்துக் கண்ணாடிப் பாத்திரம்தான் நினைவுக்கு வரும்.

மிச்சம் இருப்பது கலயம். பனையில் பதநீருக்குக் கட்டுவார்களே, ஒடுங்கிய வாயும் உருண்ட அடியுமாக, அது. மண்ணால் ஆனது, கயிற்றில் தொங்குவது, கைக்கடக்கமானது. பனை இல்லாத ஊரிலும் கஞ்சிக் கலயம் தெரியும். ‘கலய இதயம்’ என்றால் சொல்ல எளிது, கேட்டதும் உருவம் வருகிறது. மருத்துவ எழுத்தில் முழுமையாக வேண்டுமானால் ‘கலய வடிவ இதயத்தசை நோய்’.

இதற்கும் ஒரு குறை உண்டு, மறைக்க வேண்டியதில்லை. எல்லா நோயாளிக்கும் முனைதான் உப்பும் என்றில்லை. அந்த 1750 பேரில் 81.7 விழுக்காட்டினருக்கே முனை உப்பியிருந்தது. சிலருக்கு அறையின் நடுப்பகுதி உப்புகிறது, மிகச் சிலருக்கு மேல்பகுதி உப்பி முனை இறுகுகிறது. ஆனால் அவர்களையும் ஜப்பானியர் முதல் ஐரோப்பியர் வரை எல்லோரும் தக்கோட்சுபோ என்றே அழைக்கிறார்கள். பெயர் முதல் வடிவத்திலிருந்து வந்தது, பிறகு நோய் முழுவதற்கும் ஆகிவிட்டது. கலயமும் அப்படி ஆகலாம். மேல்பகுதி உப்புகிற வகையைத் ‘தலைகீழ்க் கலயம்’ என்றால் தீர்ந்தது.

எழுத்துக்கூட்டல் பற்றியும் ஒரு வார்த்தை. டகோட்சுபோ, தகோட்சுபோ, டாகோசுபோ என்று பலவிதமாகத் தமிழில் காண்கிறேன். ஜப்பானிய முதல் எழுத்து நம் தகரம்தான், டகரம் அல்ல. இரண்டாவது ஒலி வல்லினக் க. ஒற்றைக் ககரம் எழுதினால் ‘தஹோ’ என்றோ ‘தகோ’ என்று மெலிந்தோ படிப்போம், ஒற்று இட்டால்தான் வல்லோசை நிற்கும். கடைசியில் வருவது ‘சுபோ’. உயிருக்குப் பின் வரும் பகரத்தை நாம் இயல்பாகவே மென்மையாகச் சொல்வதால் அதற்குத் தனி ஏற்பாடு வேண்டாம். ஆக, தக்கோட்சுபோ. உலக மருத்துவர்களோடு பேசவும், கோப்பில் எழுதவும் இது இருக்கட்டும்.

நோயாளியின் மகளிடம் பேசும்போது மருத்துவர் இப்படிச் சொல்லலாம்: ‘அம்மாவுக்கு ரத்தக்குழாய்ல அடைப்பு இல்லம்மா. ஆனா இதயத்தோட முனை சுருங்காம கலயம் மாதிரி உப்பி நிக்குது. இதுக்குக் கலய இதயம்னு பேரு. பெரும்பாலும் சில வாரத்துல சரியாயிடும். அதுவரைக்கும் இங்க வச்சுக் கவனமாப் பாத்துக்கணும், எக்கோ திரும்ப எடுக்கணும்.’